சிவப்புப் பூட்டு

லிப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்றால் நாள் முழுக்க மேலே போவதும் கீழே வருவதுமாக இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சுத்தத் தப்பு. ஓடுகிற லிப்ட்டுக்கு யாரும் ஆள் கூப்பிடுவதில்லை. நம்முடைய லிப்ட்காரர் இருபத்தொன்பது வருஷம் நின்றுபோன லிப்ட்டுகளோடுதான் குப்பை கொட்டினார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் விரல்களில் இருக்கும். டார்ச்சைக் கடித்துக் கடித்து முன்பல் இரண்டும் தேய்ந்திருக்கும். யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட, முதலில் அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டை நலம் விசாரித்துவிட்டுத்தான் நோயாளியை விசாரிக்கப் போவார்.

நல்ல மனுஷர். குடி கிடையாது, அதிர்ந்து பேசுவது கிடையாது, தொழிலில் அவரை ஒரு குறை சொன்னவர் கிடையாது. அந்தத் தொழில் சுத்தம்தான் கடைசியில் அவர் காலை வாரிவிட்டது என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். ஆனாலும் அதுதான் நடந்தது.

அவரிடம் ஒரு பூட்டு இருந்தது. உள்ளங்கை அளவு இருக்கும், சிவப்பு பெயின்ட் அடித்தது, ஒரே சாவி. லிப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சை அணைப்பார். பெட்டியை மூடி அந்தப் பூட்டைத் தொங்கவிடுவார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். வேலை முடிந்து அவரே ஏறி வந்து திறந்தால்தான் உண்டு. கம்பெனியில் எல்லோருக்கும் இதுதான் விதி. ஆனால் மேலதிகாரி வருகிற நாளில் மட்டும் பூட்டுகிறவர்கள்தான் அதிகம். இவரும் ஆரம்பத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி ஒருவர், ஒரு நாள் பூட்டுப் போடாமல் குழிக்குள் இறங்கினார். எட்டாவது மாடியில் யாரோ லிப்ட் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள். வாசலில் இருந்த காவலாளி, பாவம், நல்ல எண்ணத்தோடு போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். கூட்டாளிக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அவரை வெளியே எடுத்தவர்களில் நம்ம லிப்ட்காரரும் ஒருவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமல், மனைவியை எதிரே உட்கார வைத்து, பூட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"இதை வெறும் பூட்டுன்னு நெனைக்காத. இது தொங்குதுன்னா உள்ள ஒரு ஆளு கையை விட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இதை உடைக்கிறவன் அந்த ஆளைக் கொல்றான். யாரு வந்து அழுதாலும் சரி, என்ன தலைபோற அவசரம்னாலும் சரி, இதைத் தொடக்கூடாது."

மனைவி தலையாட்டினாள். அவள் வேலை பார்த்தது திரைச்சீலைக் கடையில். ஜன்னல்களை அளப்பாள், துணி வெட்டுவாள், தைப்பாள். மெயின் ஸ்விட்சுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அவர் சொன்னது அப்படியே மனசில் பதிந்துவிட்டது.

இந்த மனைவிக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு அக்கா. பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபிறகு தங்கையைக் குளிப்பாட்டி, தலைவாரி, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தவள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தாள். வாய் சும்மா இருக்காது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பாள்: "லிப்ட்டு எங்கடி, மேலயா கீழயா?" இருபத்தைந்து வருஷமாக ஒரே ஜோக். அவர் வீட்டில் இருந்தால் "கீழதான் இருக்கேன்க்கா" என்பார். அதற்கும் அவள் புதுசாகக் கேட்டதுபோல் சிரிப்பாள். குழந்தை குட்டி இல்லாத அந்த வீட்டில் அக்காவும் அக்கா மகளும் வந்துபோவதுதான் கலகலப்பு.

ஊருக்கே மின்சாரம் போன ஒரு நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. லிப்ட்காரர் பதினான்கு கட்டடங்களுக்கு ஓடினார். கையால் சக்கரம் சுற்றிச் சுற்றி நாற்பது பேரை வெளியே எடுத்தார். வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடினால்தானே வரும். வாளியை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்து நின்றார்.

"எங்கயோ எவனோ ஒரு ஸ்விட்ச்சை அணைக்கிறான், நாம எல்லாம் அந்தரத்துல தொங்குறோம். இதெல்லாம் ஒரு பொழப்பா? நம்ம ஸ்விட்ச் நம்ம கையில இருக்கணும்."

அன்றிலிருந்து இதுவே பேச்சாகிவிட்டது. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். மலைப்பக்கம் நிலம் வாங்கி, கூரையில் சோலார் பலகை போட்டு, ஊற்றுத் தண்ணீர் குடித்து, தங்கள் காய்கறியைத் தாங்களே விளைவித்து, வெளியிலிருந்து ஒரு கம்பியும் ஒரு குழாயும் வராமல் வாழ்கிறவர்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். கக்கூஸ் தொட்டி நிறைந்துபோவதை மட்டும் ஒருவரும் படம் பிடித்துப் போடவில்லை. இங்கே அவர்கள் இருந்த ஊரில் அரை ஏக்கர்கூடக் கனவில்தான் வாங்க முடியும். வேறொரு நாட்டில், இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டதால் மலைச்சரிவில் கல் வீடுகளும் நிலமும் கேட்பாரில்லாமல் கிடந்தன. வெளிநாட்டுக்காரர்களும் வாங்கலாமாம். ஒரு வருஷம் விசாரித்தார். அலுவலகங்களுக்கு எழுதினார், அந்த நாட்டுப் பாஷையில் எண்ணக் கற்றுக்கொண்டார். கடைசியில் நாலரை ஏக்கர் நிலமும் அதில் ஒரு பழைய வீடும் ஒரு ஊற்றும் சேர்த்துப் படத்தைக் காட்டி மனைவியிடம் நின்றார். இருக்கும் வீட்டை விற்றால்தான் வாங்க முடியும். திரும்பி வர இடம் இருக்காது.

மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க போன் எடுக்குமா?"

"ஏன் எடுக்காது? கம்பம் நட்டுடலாம்."

"எனக்கு வேற எதுவும் வேணாம்ங்க. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் அக்காகூடப் பேசணும். அது ஒண்ணு மட்டும் இருந்தா நீங்க எந்தக் காட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்."

"இது ஒரு விஷயமா? நான் கியாரண்டி."

கியாரண்டி என்ற சொல்லை அவர் தொழிலில் லேசாகச் சொல்கிறவர் இல்லை. அதனால் அவள் நம்பினாள். வழியனுப்ப வந்த அக்கா, "தம்பி, இனிமே நீங்க மேலயா கீழயான்னு நான் யாரைக் கேக்கிறது?" என்றாள். "ஞாயித்துக்கிழமை போன்ல கேளுங்கக்கா" என்றார். அக்கா சிரித்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, ஜலதோஷம் என்று ஒரு பொய் சொன்னாள்.

போன முதல் வருஷம் மாடு மாதிரி உழைத்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, நாலே நாலு சின்ன ஜன்னல். மனைவி ஒரே வாரத்தில் நாலுக்கும் திரை தைத்து மாட்டிவிட்டாள். எதிரே மரமும் மலையும்தான். யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று திரை போட்டாளோ தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அளப்பதற்கு எதுவும் இல்லாமல் போனது. லிப்ட்காரர் கூரைமேல் பலகைகளைப் பொருத்தினார். வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பேட்டரி அறை கட்டினார். உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ் போட்டார்கள், நாலு கோழியும் வாங்கி விட்டார்கள். முதல் வருஷ முட்டைக்கோஸைப் பூச்சி தின்றது, மிச்சத்தைக் காட்டுமுயல் தின்றது. அவர்களுக்குக் கிடைத்தது அனுபவம்.

ஊற்று, வீட்டிலிருந்து தூரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டின் அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு ஓடை. ஓடையைக் கடந்து சற்றுத் தள்ளி ஊற்று. முக்கால் மணி நேர நடை. ஊற்றில் ஒரு பம்பை இறக்கி, வீட்டிலிருந்து கேபிள் இழுத்தார். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்ப் தானாகவே ஓடும். போன் கம்பத்தை மேட்டு உச்சியில் நட்டார். இருபதடிக் கம்பமும் அதன்மேல் ஒரு பெட்டியும் இருந்தால்தான் அங்கே சிக்னல். கையில் போனை வைத்துக்கொண்டு உச்சியில் நின்றால்கூட ஒரு கோடு காட்டாது. பம்புக்குப் போகிற கேபிள் மேட்டின்மேல்தானே போகிறது, அதிலேயே கம்பத்துக்கும் கரண்ட் எடுத்துக்கொண்டார்.

மனைவி கேபிளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "போனுக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்தா என்னங்க?"

"எதுக்கு வீணா? ஒரே லைன், ஒரே ஸ்விட்ச். வேலை சுத்தமா இருக்கும்."

அவர் சொன்னதில் தொழில்முறையில் தப்பில்லை. ஒரு நாள் வேலை மிச்சம். இன்றைக்கு அந்த ஒரு நாளை யாராவது திருப்பிக் கொடுத்தால் அவர் தன் நாலரை ஏக்கரையும் எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகள் ஒழுங்காக நடந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்பதரை மணிக்கே மனைவி தலைவாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். பத்து மணிக்கு மணி அடிக்கும். "லிப்ட்டு எங்கடி, மேலயா கீழயா?" என்று அக்கா ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. ஆபீசில் யாருக்கும் யாருக்கும் சண்டை, மகள் எந்தப் பையனோடு பேசுகிறாள், மாடிவீட்டில் தண்ணீர் ஒழுகுவது, இரண்டு தெருவும் அப்படியே அந்த ஜன்னலோரத்துக்கு வந்துவிடும். போனை வைத்த பிறகு மனைவி வேலை செய்துகொண்டே தானாகச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு செவ்வாய்க்கிழமை வரை தாங்கும்.

இரண்டாவது வருஷம் மழைக்காலம் நீண்டுவிட்டது. வாரக்கணக்கில் வெயில் இல்லை. பேட்டரி ஏறவே இல்லை. லிப்ட்காரர் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். தையல் மெஷின் வெயிலடிக்கிற நாளில் மட்டும். இரண்டு விளக்குக்கு ஒரு விளக்கு. போன் கம்பம் வாரம் முழுக்க ஓட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும். கம்பத்தோடு பம்புக்கும் உயிர் வந்துவிடுமே, பம்ப் ஓடினால் பேட்டரி இறங்குமே. அதனால் பேச்சையும் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அது அரை மணி நேரமானது.

கறாராக ஒன்றும் சொல்லமாட்டார். அவள் பேசும்போது பேட்டரி அறைக் கதவருகே நின்று மீட்டரைப் பார்ப்பார். அவ்வளவுதான். முள் இறங்க இறங்க அவர் முகமும் இறங்கும். அவள் அதைக் கவனித்துவிட்டுப் பாதியில் பேச்சை வெட்டுவாள்.

"சரிக்கா, வெச்சிடுறேன். பேட்டரி இறங்கிடும்."

"என்னடி நீ, பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி பேசுற," என்பாள் அக்கா. அது எதிர்முனையிலிருந்து அவர் காதிலும் விழும். கேட்டும் கேட்காததுபோல் நிற்பார். தன் ஸ்விட்ச் தன் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அல்லவா, இப்போது அவள் ஸ்விட்சும் அவர் கையில்தான் இருந்தது. அப்போது அவருக்கு இது உறைக்கவில்லை. மீட்டர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது நிமிஷத்திலேயே மனைவி முடிக்கப் பார்த்தாள். அக்கா, "இருடி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். பிறகு அவளே, "வேணாம், ஓடுற ஓட்டத்துல சொல்ற விஷயம் இல்ல. அடுத்த வாரம் நிதானமா பேசுறேன். உன் லிப்ட்டுகிட்ட சொல்லி அந்தப் பேட்டரியை நல்லா ஏத்தி வைக்கச் சொல்லு" என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே அதை அவரிடம் சொன்னாள். "ஏத்திடலாம், ஏத்திடலாம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி நிரப்ப ஸ்விட்சைப் போட்டால் பம்ப் இரைகிறது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே ஏதோ உடைந்திருக்க வேண்டும். லிப்ட்காரர் பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டார். பேட்டரி அறைக்குப் போய் அந்த ஒரே ஸ்விட்சை அணைத்தார். பெட்டியை மூடினார். ஆணியில் தொங்கிய சிவப்புப் பூட்டை எடுத்துப் போட்டார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார். தண்ணீருக்குள் கையை விடப் போகிற வேலை. தொட்டியில் தண்ணீர் இல்லாததால் கரண்ட் வந்த அடுத்த நொடி பம்ப் தானாகச் சுற்றும். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், யோசிக்காமலே கை செய்தது.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க."

"தெரியும் தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

ஊற்றுக்குப் போய்ப் பம்பைக் கழற்றினால், உள்ளே சுழலும் தண்டு வளைந்திருந்தது. அதை நிமிர்த்த இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பட்டறை மேஜை வேண்டும். ஊற்றிலிருந்து இன்னும் அரை மணி நேரம் நடந்தால் ஒரு ஆட்டுக்காரர் வீடு. அவர் பட்டறையில் எல்லாச் சாமானும் உண்டு. இருவருக்கும் பாதி சைகை, பாதி வார்த்தையில் நல்ல பழக்கம். லிப்ட்காரர் அங்கே போனார். தண்டை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இருட்டுவதற்குள் கிளம்பி ஓடைக்கு வந்து பார்த்தால், காலையில் முழங்கால் நனையாமல் கடந்த இடத்தில் மார்பளவுத் தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போகிறது. கூட வந்திருந்த ஆட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. ஆட்டுக்காரர் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில், காய்ந்த கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு லிப்ட்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் கடிகாரம். பத்து மணி ஆனதை அவர் பார்த்தார். அதை அவர் பிற்பாடு மறைக்கவில்லை. பார்த்தார், நினைத்தும் பார்த்தார். ஒரு வாரம் பேசாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். மேஜைமேல் ஆட்டுக்காரருடைய போன் கிடந்தது, அங்கே சிக்னல் நன்றாக எடுக்கும். அக்காவுக்கு ஒரு வார்த்தை, லைன் கோளாறு, கவலைப்படாதீங்க என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆட்டுக்காரர் இன்னொரு கோப்பை டீ வேண்டுமா என்று கேட்டார். இவர் கோப்பையை நீட்டினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓடை வடிந்தது. பம்பைப் பொருத்திவிட்டு, வீடு வந்து சேரும்போது பதினோரு மணி. சமையற்கட்டில் சத்தமில்லை. பேட்டரி அறைக்குள் போனவர் அப்படியே நின்றார்.

பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டுக்கொள்ளும் நல்ல சட்டை, இரண்டு நாளாக அதே சட்டை. மடியில் விறகு பிளக்கும் கோடாலி.

"என்னாச்சு? ஏன் இங்க உக்காந்திருக்க?"

அவரைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "கை கால் எல்லாம் நல்லா இருக்கா?"

"எனக்கென்ன? ஓடைல தண்ணி ஏறிடுச்சு. ஆட்டுக்காரர் வீட்டுல இருந்தேன்."

"ஆட்டுக்காரர் வீட்டுலயா?"

"சனிக்கிழமை மத்தியானத்துலேருந்து அங்கதான்."

அவர் பூட்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். பம்ப் ஓடத் தொடங்கியதற்கு அடையாளமாக மீட்டர் முள் அசைந்தது. இரண்டு நிமிஷத்தில் மேட்டுக் கம்பத்துக்கு உயிர் வந்தது. உள்ளே ஜன்னலோரம் கிடந்த போன் ஒலிக்க ஆரம்பித்தது. டிங் என்று ஒன்று, பிறகு இன்னொன்று. தவறிப்போன அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பதினொன்று. எல்லாம் அக்கா. முதலாவது ஞாயிறு பத்து மணிக்கு, கடைசியானது இன்று காலை ஏழரைக்கு.

மனைவி திருப்பிக் கூப்பிட்டாள். அக்கா மகள் எடுத்தாள்.

"சித்தி, எங்க போனீங்க? அம்மா நேத்து முழுக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்கு ஆபரேஷன். உங்ககிட்ட அவங்களே சொல்லணும்னு என்னை வாயைத் திறக்க விடல. எட்டு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"என்ன ஆபரேஷன்? எங்க?"

"இதயத்துல சித்தி. பயப்படாதீங்க, டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்காரு. போகும்போதுகூட ஜோக் அடிச்சிட்டுத்தான் போனாங்க."

சாயங்காலம் நாலு மணிக்கு மகள் மறுபடியும் கூப்பிட்டாள். முதலில் அழுகைதான் கேட்டது. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அழுது ஓய்ந்த பிறகு, கோடாலியைக் காட்டி லிப்ட்காரர்தான் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உடைச்சிருக்கலாமேம்மா. ரெண்டு அடி அடிச்சிருந்தா போயிருக்குமே."

"உடைக்கத்தான் எடுத்தேன். பத்து மணிக்கு எடுத்தேன், பன்னெண்டு மணிக்கு எடுத்தேன். அப்புறம் கையிலயே வெச்சுக்கிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க சாயங்காலம் வர்றேன்னுட்டு வரல. ராத்திரியே ஓடை வரைக்கும் வந்து பார்த்தேன், தாண்ட முடியல. தண்ணிக்குள்ள கையை விட்டுக்கிட்டு எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களோ என்னமோ. நான் பாட்டுக்கு உடைச்சு ஸ்விட்ச்சைப் போட்டு, பம்ப் ஓடிட்டா? அந்தப் பூட்டுல உங்க உயிர் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் கணவர் உயிர். ஒரு நாள் முழுக்க, ஒரு இரவு முழுக்க, அவள் நாற்காலியில் உட்கார்ந்து இவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் இவர் இரண்டாவது கோப்பை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மனைவி ஊருக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அக்கா மகளோடு இரண்டு மாதம் இருந்தாள். இனி வரமாட்டாள் என்று லிப்ட்காரர் முடிவே கட்டிவிட்டார். கோழிகளுக்குத் தீவனம் போடும்போது அவற்றிடம்கூட அதைச் சொன்னார். ஆனால் ஒரு நாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதையில் மெதுவாக நடந்து வந்தாள். ஏன் திரும்பி வந்தாள் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை, கேட்கப் பயம். "வித்துட்டு ஊருக்கே போயிடலாம்மா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"அங்க இப்ப யாரு இருக்கா?" என்றாள். அக்கா மகள் வேலை கிடைத்து வேறெங்கோ போகப் போகிறாளாம்.

அவள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் லிப்ட்காரர் போன் கம்பத்துக்குத் தனி ஒயர் இழுத்திருந்தார். தனி ஸ்விட்ச், தனிப் பேட்டரி, கூடுதலாக நாலு பலகை. இரவு பகல் எந்நேரமும் சிக்னல் இருக்கும், மழை ஒரு மாதம் பெய்தாலும் கவலையில்லை. ஒரே நாள் வேலைதான், மத்தியானத்துக்கே முடிந்துவிட்டது. முடிந்ததும் மேட்டிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். சிவப்புப் பூட்டை அவர் தூக்கி எறியவில்லை. பம்ப் வேலைக்கு இன்றும் அதைத்தான் போடுகிறார், போடாமல் முடியாது. போடும்போது மட்டும் கை ஒரு நிமிஷம் நிற்கும்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நிலம் இப்போது நன்றாக விளைகிறது. முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் தலையளவு. அவர்கள் ஆசைப்பட்டபடி வெளியிலிருந்து ஒரு கம்பியும் ஒரு குழாயும் வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் மனைவி ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அதற்குப் பிறகு ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

போன மாதம், சந்தைக்குப் போனவர் தனக்கென்று ஒரு போன் வாங்கி வந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுடைய போனில் மட்டும் எண்ணைப் பதிந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மேட்டில் ஏறிக் கம்பத்தடியில் உட்கார்ந்தார். கீழே கோழிக்கூண்டருகே அவள் சின்னதாகத் தெரிந்தாள். சரியாகப் பத்து மணிக்குக் கூப்பிட்டார். அவள் திடுக்கிட்டு நிமிர்வது தெரிந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"எங்க இருக்கீங்க?"

"மேல." சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மேடு ஏறும்போது வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. "சும்மாதான் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமையாச்சே. என்ன பண்ற?"

"கோழிக்குத் தண்ணி வைக்கிறேன்."

"ஓ."

"அன்னிக்கு அந்த ஒயரை மட்டும் தனியா..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் காத்திருந்தாள். அவரால் முடிக்க முடியவில்லை.

"சரிங்க, வெச்சிடுறேன்," என்றாள் அவள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. வழக்கமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "பேட்டரி இறங்கிடும்."

நல்ல வெயில். பேட்டரி காலையிலேயே நிறைந்துவிட்டிருந்தது. அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், கீழே அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு கோழிகளிடம் போய்விட்டாள்.